கண்ணோரத் தோலை வெளுக்க வேண்டாம்: காரைக்கால் கரையோரப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, கோட்டுச்சேரிமேடு, காசாக்குடிமேடு, அக்கம்பேட்டை, மண்டபத்தூர், பட்டினச்சேரி என்று நம் கரை நெடுகிலும் மீன் ஏலம் எடுத்து, கூடை சுமந்து, கருவாடு காயவைத்துக் குடும்பம் நடத்தும் அக்காமார்களுக்கும் அத்தைமார்களுக்கும் தங்கச்சிகளுக்கும் இந்த மடல்.

உங்களில் பலர் கண்ணுக்குக் கீழே ஏதோ ஒரு க்ரீமைத் தடவுகிறீர்கள். கருவளையம் போக வேண்டும் என்று தடவுகிறீர்கள். மெடிக்கலில் “கருப்பு போக ஏதாவது குடுங்க” என்று கேட்டு வாங்கியது, அடுத்த வீட்டு மருமகள் பாதி பிதுக்கிக் கொடுத்தது, வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி பெட்டியில் கொண்டுவந்தது என்று அது பல வழியில் வீட்டுக்குள் வருகிறது. எது தோலுக்கு ஆகும், எது கண்ணையே கெடுக்கும் என்று உங்களை உட்காரவைத்துச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை. நான் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தக் கரையில் பிறந்தவள். எனக்கு இப்போது நேரம் இருக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் அந்தத் தோலைப் பற்றி. நம் உடம்பில் மிக மெல்லிய தோல் கண் இமைத் தோல்தான். அரை மில்லிமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். நாள் முழுக்கச் சிமிட்டிக்கொண்டே இருக்க வேண்டிய இடம் அது. தடித்திருந்தால் அந்த வேலை நடக்காது. அதற்குக் கீழே கொழுப்பும் அதிகம் கிடையாது, எண்ணெய்ச் சுரப்பியும் குறைவு. அதனால் சீக்கிரம் காய்கிறது, சீக்கிரம் வீங்குகிறது, மேலே பூசியதைச் சீக்கிரம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கூடை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன உங்கள் உள்ளங்கையில் ஒரு மருந்தைத் தேய்த்தால் அது உள்ளே போவதே பெரும்பாடு. அதே மருந்தை இமையில் வைத்தால் முன்கை உறிஞ்சுவதைவிடப் பல மடங்கு உறிஞ்சிவிடும். இந்த மடலில் மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

சரி, அந்த இடம் ஏன் கருக்கிறது? ஒரே காரணம் கிடையாது. சிலருக்கு அது பரம்பரை. அம்மாவுக்கு இருந்திருக்கும், பாட்டிக்கும் இருந்திருக்கும். சிலருக்குத் தோல் மெல்லியதாக இருப்பதால் அடியில் ஓடும் இரத்த நாளங்கள் நீலம் பாரித்துத் தெரியும். வயது ஏற ஏறக் கண்ணுக்குக் கீழே குழி விழும்; அந்தக் குழியின் நிழலையே கருப்பு என்று நினைத்துக்கொள்வோம். விளக்கைக் கண்ணாடிக்கு மேலே வைக்காமல் முகத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நிழலாக இருந்தால் பாதி மறைந்துவிடும். நிழலைப் போக்க எந்த க்ரீமாலும் முடியாது.

நம் கரைக்கென்று தனியாக ஒரு காரணம் இருக்கிறது. அது கீழிருந்து வரும் வெயில். காய்ந்த கடற்கரை மணல் தன்மேல் விழும் புறஊதாக் கதிரில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைத் திருப்பி அடிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அலை நுரை நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு. கருவாட்டுக் களத்தை நினைத்துப் பாருங்கள். நெத்திலியும் சூடையும் காரப்பொடியும் மணலில் விரித்துக் கிடக்கும். அவற்றைப் புரட்டிப்போடக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தை மணலுக்கு ஓரடிக்குள் கொண்டுபோய்க் குனிகிறீர்கள். முந்தானையைத் தலையில் போட்டிருக்கிறீர்கள்தான். ஆனால் முந்தானை மேலிருந்து வருவதைத்தான் மறைக்கும். மணல் கீழிருந்து அனுப்புவது நேராகக் கண்ணுக்குக் கீழே உள்ள தோலில்தான் விழுகிறது. வெயில் உச்சிக்கு வரும்போதுதான் கருவாடு நன்றாகக் காயும். புறஊதாக் கதிர் கடுமையாக இருப்பதும் அதே பத்து மணி முதல் மூன்று மணி வரைதான். தோல் அப்போது கருப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உள்ளே வெயில் ஏறாமல் இருக்க உடம்பு தானே நிறமியைக் கூட்டிக்கொள்கிறது. அது காவல். அந்தக் காவலைத்தான் க்ரீம் போட்டு விரட்டப் பார்க்கிறோம்.

இன்னொரு காரணம் தேய்ப்பு. உப்புக்காற்றும் தூசும் பட்டுக் கண் அரிக்கிறது. கையில் மீன் கவிச்சியும் செதிலும் ஐஸ் தண்ணீரும். அதனால் புறங்கையாலோ தோளாலோ முந்தானை முனையாலோ தேய்க்கிறீர்கள். முந்தானையில் உப்பு காய்ந்து சொரசொரப்பாக இருக்கிறது. தேய்க்கத் தேய்க்க அந்த இடம் கருத்துத் தடிக்கும். வருஷம் முழுக்கக் கண் அரிக்கிறது, தும்மல் வருகிறது, மூக்கு ஒழுகுகிறது என்றால் அது ஒவ்வாமை. அந்த அரிப்புக்கு மருந்து எடுத்தாலே பலருக்குக் கருப்பு தன்னால் குறையும்.

அடுத்து இரத்த சோகை. இதை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை இருந்தது. பாதிக்கு மேல். சோகையில் முகம் வெளிறும்போது கண்ணுக்குக் கீழே உள்ள கருமை இன்னும் எடுப்பாகத் தெரியும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கீழ் இமையை ஒரு விரலால் மெல்லக் கீழே இழுத்து, கண்ணாடியில் உள்பக்கத்தைப் பாருங்கள். ஈரமாக, நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்துப்போய், ஐஸ் பெட்டியில் நாள்பட்ட மீனின் செவுள் மாதிரி இருந்தால் இரத்தம் குறைவாக இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து மீனின் நிலையைச் சொல்லும் உங்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் கற்றுத்தர வேண்டியதில்லை. அதோடு விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை அங்கே இலவசம். அதை டீயோடு சேர்த்துப் போடாதீர்கள். டீ அந்தச் சத்தை உடம்பில் ஏறவிடாது. நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொண்டால் நன்றாக ஏறும். மலம் கருப்பாகப் போகிறது என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும், நிறுத்தக் கூடாது.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். நல்ல மீனெல்லாம் நேரு மார்க்கெட்டுக்கும் திருநள்ளாறு, நெடுங்காடு தெருக்களுக்கும் போகிறது. வீட்டுக்கு வருவது விற்றது போக மிச்சம். அதிலும் ஆம்பளைகளும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகு உங்களுக்குக் கிடைப்பது குழம்பு. நீங்கள் சுமந்து விற்கும் சத்து உங்கள் தட்டில் விழாத வரை கண்ணுக்குக் கீழே எதைத் தடவியும் பயனில்லை. விடிகாலை ஏலத்துக்கு எழுந்து, இரவு பாத்திரம் கழுவிப் படுக்கும் உடம்புக்குத் தூக்கமும் அப்படித்தான் மிச்சமாகிப்போகிறது.

இனி அந்த டியூபுக்கு வருகிறேன்.

ஒரு அத்தை தன் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். சில்லறைக்கும் வெற்றிலைக்கும் நடுவில் இருந்தது. வால் பக்கம் சுருட்டிச் சுருட்டிக் கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்ட டியூப். மேல் எழுத்தெல்லாம் தேய்ந்துபோய் ஒரு பக்கத்தில் மட்டும் பொடி எழுத்து மிஞ்சியிருந்தது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். பொடி எழுத்தில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்ற இரண்டோடு மொமெட்டசோன் என்று மூன்றாவதாக ஒன்று இருந்தது. அந்த மூன்றாவது ஒரு ஸ்டீராய்டு. பெட்டமெத்தசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று இதற்குப் பல உறவினர்கள் உண்டு. பெயர் பெரும்பாலும் ‘சோன்’, ‘சால்’, ‘லோன்’ என்று முடியும். பிள்ளைகளிடம் டியூபைக் கொடுத்து இந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. கரப்பான், கடும் ஒவ்வாமை என்று வரும்போது டாக்டர் அளந்து, நாள் குறித்துக் கொடுத்தால் அது கைகண்ட மருந்து. ஆனால் கருவளையத்துக்கு மாதக்கணக்கில் தடவினால் என்ன நடக்கும் தெரியுமா? முதல் சில நாள் அதிசயமாக இருக்கும். அது இரத்த நாளங்களைச் சுருக்குவதால் தோல் வெளுப்பாகத் தெரியும், அரிப்பு அடங்கும். ‘மருந்து கேட்குது’ என்று சந்தோஷப்படுவோம். பிறகு தோல் மெலிந்து காகிதம் போல் ஆகும். சிவப்பு இரத்த நாளங்கள் கொடி கொடியாகத் தெரியும். பருவும் பூனைமுடியும் வரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் திரும்பவும் அதே டியூப். இப்படித்தான் அது நம்மைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

கண்ணோரத்தில் ஆபத்து இன்னும் ஒருபடி கூட. இமை வழியாக மருந்து கண்ணுக்குள்ளேயே இறங்கும். நாள்பட நாள்படக் கண் நீர் அழுத்தம் ஏறும், புரை வரும். புரைக்கு அறுவை சிகிச்சை செய்து பார்வையை மீட்டுவிடலாம். கண் நீர் அழுத்தம் அப்படி விடாது. வலிக்காது, சிவக்காது. பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பக்கவாட்டில் வரும் வண்டி தெரியவில்லை, படிக்கட்டு தடுக்குகிறது என்று உணரும்போது கண் நரம்பு செத்திருக்கும். செத்த நரம்பு திரும்பாது. கருப்பை எடுக்கப் போய்ப் பார்வையை இழந்து நிற்பது எந்தக் கணக்கில் சேரும்?

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. தோல் மருத்துவர்கள் சங்கம் அதற்காகப் பல வருஷம் போராடியது. ஆனால் சட்டம் பட்டியலில் இருக்கிறது. டியூப் கல்லாவுக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் கேட்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. மெடிக்கல் வைத்திருக்கும் தம்பிமார்கள் இதைப் படித்தால், உங்கள் அக்கா கேட்டாலும் இதைக் கொடுப்பீர்களா என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே பல மாதமாகத் தடவி வருகிறவர்கள் பயந்துபோய் இன்றே தூக்கி எறிந்துவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். டியூபைக் கையில் எடுத்துக்கொண்டு அரசு பொது மருத்துவமனையில் தோல் டாக்டரைப் பாருங்கள். எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார். கண் பிரிவில் கண் அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்பினால் அலைச்சல் என்று விட்டுவிடாமல் போய் வாருங்கள். கேட்டால் திட்டுவார்கள் என்று எண்ணி டியூபை மறைப்பதுதான் பெரிய ஆபத்து. டாக்டருக்குத் தெரிய வேண்டியதே அந்தப் பெயர்தான்.

டியூப் ஒரு பக்கம் என்றால் டப்பா இன்னொரு பக்கம். பெயர் தெரியாத, எங்கே செய்தது என்றே எழுதாத சிவப்பழகு க்ரீம் டப்பாக்கள். சவூதி, துபாய், சிங்கப்பூர் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் போகாத இடம் இல்லை. வரும்போது அன்பாக வாங்கி வருகிறார்கள். இவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் தோலில் நிறமி உண்டாவதைத் தடுக்கும். அதனால்தான் வேகமாக வெளுக்கிறது.

பக்கத்துக் கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தனியார் மருத்துவமனையின் சிறுநீரக டாக்டர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைக் கவனித்தார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகி உடம்பு வீங்கும் நோய். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அபூர்வமான ஒரு வகை. அந்தப் பதினைந்து பேரில் 13 பேர் நோய் வருவதற்கு முன் சிவப்பழகு க்ரீம் தடவியவர்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்கு நோய் இறங்க ஆரம்பித்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்று பெயர் வைத்துக் கடை கடையாகச் சோதனை போட்டது.

இந்தப் பாதரச விஷயத்துக்கு உலக நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தம் ஒன்று உண்டு. அதன் பெயர் மினமாட்டா ஒப்பந்தம். மினமாட்டா என்பது ஜப்பானில் நம் ஊரைப் போல மீன்பிடித்துப் பிழைத்த ஒரு கடலோர ஊர். ஒரு தொழிற்சாலை பாதரசக் கழிவைக் கடலில் கலக்க, அது மீனில் ஏறி, மீனைச் சாப்பிட்ட மீனவக் குடும்பங்கள் கை கால் நடுங்கி, பேச்சுக் குழறி, கண் மங்கி விழுந்தன. 1956-இல்தான் அந்த நோயை அரசு ஆவணத்தில் ஏற்றினார்கள். அந்த ஊரின் பெயரில் உள்ள ஒப்பந்தம்கூட முதலில் கண்ணோரத்தில் பூசும் பொருளுக்கு மட்டும் ஒரு விலக்கு கொடுத்திருந்தது. கெட்டுப்போகாமல் இருக்கப் பாதரசம் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 2023-இல் ஜெனீவாவில் கூடி அந்த விலக்கையும் எடுத்துவிட்டார்கள். உடம்பிலேயே மெல்லிய தோலுக்குக் கடைசியில்தான் காவல் கிடைத்தது என்பதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

டப்பாவை எப்படிச் சந்தேகப்படுவது? செய்த கம்பெனியின் முகவரி, லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி இல்லாவிட்டால் வேண்டாம். ‘மெர்க்குரி’, ‘கலோமெல்’ என்று எழுதியிருந்தால் வேண்டாம். ‘தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது’ என்று எச்சரித்திருந்தால் கண்டிப்பாக வேண்டாம். பாதரசம் நகையைக் கெடுக்கும் என்பதால்தான் அப்படி எழுதுகிறார்கள். தாலிக்கொடிக்கு ஆகாததைக் கண்ணோரத்தில் பூசலாமா? நீங்கள் தடவினால் உங்களோடு போகாது. அது ஆவியாகும், ஒரே அறையில் படுக்கும் குழந்தையும் அதைச் சுவாசிக்கும்.

நம் ஊர் வணங்கும் பெண் காரைக்கால் அம்மையார். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் இறைக்கும்போது முந்தானையை விரித்துப் பிடிக்காத பெண் நம் ஊரில் உண்டா? புனிதவதியாக இருந்தவர் தன் அழகையும் தசையையும் உதறிப் பேயுரு கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது வரலாறு. சிற்பிகளும் அவரை அப்படித்தான் வார்த்திருக்கிறார்கள்: விலா எலும்பு தெரிய, கண்கள் குழிய, கையில் தாளத்தோடு. அவரைப் போல் நாமும் அழகை உதற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பூ வைத்துக்கொள்வதும் பொட்டு வைத்துக்கொள்வதும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவதும் உங்கள் உரிமை. ஆனால் அம்மையார் தன் முகத்தைத் தானே முடிவு செய்தார். உங்கள் முகத்தை டிவி விளம்பரமும், பெண் பார்க்க வந்தவர்களும், “என்னக்கா கண்ணெல்லாம் கருத்துப் போச்சு” என்று மீன் பேரம் பேசுகிறவர்களும் முடிவு செய்கிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

பிள்ளை பெற்ற தங்கச்சிகளுக்குத் தனியாக ஒன்று. குழந்தையின் கண்ணுக்குள் மை தீட்டாதீர்கள். கடையில் விற்கும் சில மைகளிலும், சுருமா என்று வரும் கல் பொடியிலும் ஈயம் இருக்கும். குழந்தை கண்ணைத் தேய்க்கும், அதே விரலை வாயில் வைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும் அளவே அதற்குக் கிடையாது. வீட்டில் கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தி, திரி திரித்து, விளக்கெண்ணெயில் எரித்துக் கரி பிடிக்கிறோமே என்பீர்கள். அதில் ஈயம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் விரலால் இழுத்துத் தீட்டும்போது அழுக்கும் கிருமியும் கண்ணுக்குள் போகும். திருஷ்டிக்கு வேண்டுமென்றால் கன்னத்திலோ உள்ளங்காலிலோ பொட்டு வையுங்கள்.

அடுக்களை வைத்தியத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்பளித்து முன்னைவிடக் கருக்கும். பற்பசை வேண்டாம். வெள்ளரி, உருளைக்கிழங்கு வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், வீக்கம் கொஞ்சம் வற்றும், கருப்பு போகாது. வைத்துக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. தலைக்குக் கருப்பு டை போட்ட மறுநாள் இமை வீங்கினால் அது டையின் ஒவ்வாமை. தலையில் போட்டது கண்ணில் காட்டும், ஏனென்றால் அங்கேதான் தோல் மெல்லிசு. அடுத்த முறை இன்னும் மோசமாக வரும், அந்த டை வேண்டாம்.

அப்படியானால் என்னதான் செய்வது? செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வேலை முடிந்து வந்ததும் முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிறகு நல்ல தண்ணீரால் முகத்தை. உப்பைத் தோலில் காயவிடக் கூடாது. துணி துவைக்கும் சோப்பு முகத்துக்கு வேண்டாம். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். இரவு படுக்கும்போது ஒரு துளி வாசலினோ தேங்காய் எண்ணெயோ மோதிர விரலில் எடுத்து, கண்ணுக்குக் கீழே உள்ள எலும்பின் மேல் ஒற்றுங்கள். மோதிர விரலுக்கு அழுத்தம் குறைவு. இமை விளிம்பு வரை கொண்டுபோக வேண்டாம். விலை உயர்ந்த ‘ஐ க்ரீம்’ எதுவும் இதைவிடப் பெரிதாகச் செய்துவிடாது. சன்ஸ்க்ரீன் நல்லதுதான். ஆனால் கூடைத் தண்ணீரும் வியர்வையும் வழியும் முகத்தில் அது நிற்காது, வழிந்து கண்ணில் பட்டால் எரியும். உங்களுக்கு நிழல்தான் மருந்து. கறுப்புக் கண்ணாடி போட வெட்கப்படாதீர்கள். ‘யுவி 400’ என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் கறுப்பாக இருந்தால் போதாது; இருட்டில் கண்மணி விரிந்து இன்னும் அதிகக் கதிர் உள்ளே போகும். மூக்குப் பக்கமிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளரும் தொல்லை நம் கரையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வருகிறதே, அதற்கும் வெயில்தான் பெரிய காரணம். கண்ணாடி அதையும் தடுக்கும்.

சில அடையாளங்களைக் கண்டால் தாமதிக்காதீர்கள். காலையில் எழும்போது இரண்டு இமையும் உப்பி, மாலையில் கால் வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். மூக்கோரத்தில் இமை மேல் மஞ்சளாகத் தட்டையான திட்டு வந்தால் கொழுப்புச் சத்தையும் இதயத்தையும் சோதிக்க வேண்டும். வயதானவர்களுக்கு இமையில் ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்தால், அந்த இடத்தில் இமை முடி உதிர்ந்தால், அது சாதாரணக் கட்டி என்று நாமக்கட்டி குழைத்துப் போடாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள். இமையில் வரும் புற்றுநோய் சில சமயம் சாதாரணக் கட்டி வேஷத்தில்தான் வரும். சீக்கிரம் பார்த்தால் எடுத்துவிடலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாத அந்த 61 நாளில் கையில் காசு இருக்காது, ஆனால் காலையில் கொஞ்சம் நேரம் இருக்கும். அந்த நேரத்தில் கண்ணையும் இரத்தத்தையும் பார்த்துவிடுங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து போனால் பயமும் இருக்காது, ஆட்டோ காசும் குறையும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. இது தனித்தனியாகச் செய்யக்கூடியது இல்லை. வெயில் உங்கள் மேல் விழுவது நீங்கள் கவனக்குறைவாக இருப்பதால் அல்ல. நீங்கள் உட்காரும் இடத்தில் நிழல் இல்லாததால். ஏலம் நடக்கும் இடத்தில் பெண்கள் உட்காரும் பக்கம் கூரை வேண்டும். முகம் கழுவ நல்ல தண்ணீர்க் குழாய் வேண்டும், அதன் பக்கத்தில் கதவுள்ள கழிப்பறை வேண்டும். கருவாட்டை மணலில் விரிக்காமல் இடுப்பு உயரத்தில் வலை கட்டிய மேடையில் காயவைக்க ஏற்பாடு வேண்டும். மேடையில் காய்ந்தால் கருவாட்டில் மணல் ஒட்டாது, விலையும் கூடும்; நீங்கள் நின்றபடி புரட்டலாம், மணல் வெயில் முகத்தில் அடிக்காது. ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கம் பல ஊரில் இல்லை என்று எனக்குத் தெரியும். மகளிர் குழுவின் பெயரில் எழுதி, எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்து, பஞ்சாயத்தாருக்கு ஒரு படியும் மீன்வளத் துறைக்கு ஒரு படியும் கொடுங்கள். மனு எழுத ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், வந்து எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கரையில் பிறந்த ஒரு செவிலி